பதினான்காவது சொல்

நோட்டில் கலைமதிக்கான பக்கத்தில் ‘ஏறு’ என்ற சொல்லுக்கு எதிரே ஐந்தாவது டிக் போட்டபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. ஐந்து நாள் தொடர்ந்து தவறில்லாமல் செய்தால்தான் ஒரு சொல் வந்துவிட்டதாக எழுதுவேன். கம்பெனிகள் சூழ்ந்த வல்லம் வடகால் ஊரில் ஒரு சமுதாயக் கூடத்தில், மாலை ஐந்திலிருந்து ஏழு வரை, மனவளர்ச்சி குன்றிய ஆறு பிள்ளைகளுக்கு அன்றாடச் சொற்கள் கற்றுக்கொடுக்கிறேன். கலைமதிக்குப் பன்னிரண்டு வயது. ‘ஏறு’ சொல்லித்தர பஸ் படத்தைக் காட்டினால் அட்டையை முகர்ந்து பார்ப்பாள். அதனால் சாலையோரம் அழைத்துப்போய், ஷிப்டுக்காகக் காத்திருக்கும் கம்பெனி வண்டிகளிலேயே பழக்கினேன். வா, ஏறு, உட்கார். சொன்னபடி செய்தால் ஒரு பிஸ்கட். ஒரே வண்டிக்குப் பழகிவிடக் கூடாதென்று வண்டிகளை மாற்றினேன். ஒரே குரலுக்குப் பழகிவிடக் கூடாதென்று டிரைவர்களையே சொல்லச் சொன்னேன். நல்ல யோசனை என்று நானே நோட்டில் எழுதியும் வைத்திருக்கிறேன்.

இன்று அவளைக் கொண்டுவந்து விட்ட அவள் அம்மா சசிகலா அக்கா, கம்பெனி யூனிபார்மோடு வாசலில் நின்று சிரித்தார்.

“மிஸ், நேத்து கூத்தக் கேளு. டீக்கடையாண்ட ஒரு வேன் நின்னுகினு இருந்துச்சு. டிரைவரு ‘ஏறு’ன்னாரு. இது போயி ஜம்முனு உக்காந்துகினு கீது! பிஸ்கட்டு வேற வாங்கிக் குட்த்தாரு.”

“யாருக்கா அவரு?”

“பேரு தெரில. வெள்ள வேனு.”

“இங்க எல்லாமே வெள்ள வேன்தானேக்கா.”

“இன்னா மிஸ், போலீஸ் மாரி கேக்குற! தங்கமான மனுசன். இன்னிக்கு எனக்கு ஓ.டி. டூட்டி, வர ராவாயிடும். அவரே ஏழு மணிக்கு வந்து இட்டுகினு போயி வூட்ல வுடறேன்னாரு.”

“வேணாங்கா, நான் கொண்டாந்து விடறேன்.”

“உனக்கு எதுக்கு செரமம்?” கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. அவர் ஓடிப்போய் ஏறிக்கொண்டார்.

நோட்டைப் புரட்டினேன். பதின்மூன்று சொற்கள். வா, எடு, கொடு, ஏறு, உட்கார். எல்லாமே யாராவது சொன்னால் செய்வதற்கானவை. மறுப்பதற்கு ஒன்றுகூட இல்லை. பதினான்காவதாக ‘வேணாம்’ என்று எழுதினேன். மற்ற ஐந்து பேருக்கும் படம் வரையக் கொடுத்துவிட்டு, கலைமதியின் முன் ஒரு கல்லை நீட்டி, அவள் கையால் அதைத் தள்ளவைத்து, “வேணாம்” என்றேன். உதட்டை அசைத்தாலே பிஸ்கட் கொடுத்தேன். பாக்கெட் காலியானதைக் கவனிக்கவில்லை.

ஏழு மணிக்கு மற்ற பிள்ளைகளை அவரவர் வீட்டினர் அழைத்துப்போனார்கள். வாசலில் வெள்ளை வேன் வந்து நின்றது. நான் கலைமதியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

“இவள நானே வீட்ல விட்டுடறேன். நீங்க கெளம்புங்க.”

டிரைவர் என்னைப் பார்க்கவில்லை. வேனின் பக்கவாட்டுக் கதவைத் திறந்துவிட்டு, மெதுவாக, நான் கற்றுக்கொடுத்த அதே தொனியில் சொன்னார்: “கலை, ஏறு.”

கலைமதி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“வேணாம்” என்றாள். முதல்முறையாக, அத்தனை தெளிவாக.

பிறகு சிரித்தபடி என் முன்னால் கையை விரித்தாள். என்னிடம் ஒன்றும் இல்லை. விரிந்த கை அப்படியே கொஞ்ச நேரம் காத்திருந்தது. பின்பு மெல்ல வேன் பக்கம் திரும்பியது. திறந்த கதவுக்குள்ளிருந்து பிரிக்காத பிஸ்கட் பாக்கெட் ஒன்று நீண்டுகொண்டிருந்தது.