ஜெபகுமாரி வெட்டிய பன்னிரண்டு மணி நேரம்

பி.ஏ. பாஸ் செய்துவிட்டேன் என்பதற்காகப் புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் போய் உட்கார்ந்துவிட முடியாது. குடும்ப ஆலோசகர் ஆவதற்கு மதராஸில் இரண்டு வருடம் படிக்க வேண்டும். படிப்போடு இருநூறு மணி நேரக் களப்பயிற்சி. அதில் நாற்பது மணி நேரம், கணவனையும் மனைவியையும் ஒரே இடத்தில் வைத்துப் பேசியதாக இருக்க வேண்டும். அவர்கள் சொன்னதை நோட்டில் ஒரு பத்தியிலும், நாம் சொன்னதை அடுத்த பத்தியிலும் வார்த்தை பிசகாமல் எழுத வேண்டும். மேற்பார்வையாளர் கையெழுத்துப் போட்டால்தான் அது கணக்கில் சேரும். இல்லாவிட்டால் சும்மா ஊர்ப்பேச்சு பேசிவிட்டு வந்ததுதான்.

1955 பங்குனியில் ஒரு புதன்கிழமை. இருபத்தெட்டு மணி நேரத்தை மதராஸில் முடித்திருந்தேன். மீதிப் பன்னிரண்டையும் தோவாளையில் ஒரே வீட்டில் முடித்துவிட்டேன். நாகர்கோவிலில் ஒரு மாதர் சங்கத்தின் குடும்ப நல அலுவலகத்தில், என் மேற்பார்வையாளர் முன்னால் நோட்டை வைத்துவிட்டுப் பெருமையாக உட்கார்ந்திருந்தேன்.

மேற்பார்வையாளர் என்றால் நரைத்த தலையைக் கற்பனை செய்ய வேண்டாம். ஜெபகுமாரி பள்ளிக்கூடத்தில் எனக்கு மூன்று வகுப்பு மேலே. பம்பாயில் படித்துவிட்டு வந்தவள். அலுவலகத்துக்குள் அவளை 'மிஸ்' என்றுதான் கூப்பிட வேண்டும். வெளியே அக்கா.

கடைசிப் பக்கம்வரை வாசித்துவிட்டு, சிவப்புப் பென்சிலை எடுத்துக் குறுக்கே ஒரு கோடு போட்டாள்.

"பன்னிரண்டும் சேராது."

"ஏன் மிஸ்? ரெண்டு பேரும் வீட்டுலதான் இருந்தாவ. நான் கையில வாட்சு கட்டிக்கிட்டுத்தான் போனேன்."

"ரெண்டு பேரும் இருந்தாவ சரி. ஒருத்தருக்கொருத்தர் ஒரு வார்த்தை பேசினாவளா? நீ நடுவில தபால்காரி வேலை பாத்திருக்க. அதுலயும் கடுதாசியப் பிரிச்சு மாத்தி எழுதிக் குடுத்திருக்க."

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அந்த வீட்டைப் பற்றி இவளுக்கு என்ன தெரியும்?

அந்த வீடு கிருஷ்ணமணியுடையது. பிச்சிப்பூவும் அரளியும் பயிர் போட்டிருந்தார். மனைவி அன்னக்கிளி. அவருடைய அண்ணன் தாணுமாலயன் மயிலாடியில் கல்வேலை செய்கிறவர். அண்ணனுக்குப் பிள்ளை இல்லை. ஆவணி மாதம் இவர்களுடைய தாய் சாகக் கிடந்தபோது, 'உன் இளையவள அண்ணனுக்குக் குடுத்திரு மக்கா' என்று கேட்டிருக்கிறாள். கிருஷ்ணமணி சரி என்றுவிட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், நாலு வயது பகவதியைத் தூக்கிக்கொண்டு அண்ணன் குடும்பம் மயிலாடிக்குப் போய்விட்டது. அன்னக்கிளிக்கு அன்று காலையில்தான் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு ஏழு மாதம் அவள் அவரோடு நேராகப் பேசவில்லை. எங்கள் பக்கத்தில் புருஷன் பெண்டாட்டி பிணங்கினால் அதற்கு ஒரு முறை உண்டு. சோறு நேரத்துக்கு வரும், வேட்டி துவைத்து வரும், பேச்சு மட்டும் வேறு யாரையாவது சுற்றிக்கொண்டு வரும். மூத்த பிள்ளை பள்ளிக்கூடம் போய்விடும்; அந்த வீட்டில் அன்னக்கிளி பசுமாட்டிடம்தான் பேசுவாள். "சோறு ஆறிப்போவுது, தின்னணும்னா வரட்டும்" என்பாள் மாட்டிடம். அவரும் மாட்டிடமே பதில் சொல்லிவிட்டுச் சாப்பிட வருவார். ஏழு வாரத்துக்கு முன்னால் நான் போன நாளிலிருந்து மாட்டுக்கு ஓய்வு கிடைத்தது. நோட்டும் கையுமாகப் போனதால் நான் அவர்களுக்கு டீச்சர்.

"டீச்சர், அவியகிட்ட சொல்லுங்க" என்று அடுக்களையிலிருந்து அவள் சொல்வாள். நான் முன்னறையில் இருக்கும் அவரிடம் சொல்வேன். இரண்டு அறைக்கும் நடுவே ஒரு வாசல்படி. நான் சொல்லும்போது கொஞ்சம் இனிப்புச் சேர்த்துச் சொன்னேன். சமாதானம் செய்து வைக்கிறோம் என்ற நினைப்பு. பெரிய கெட்டிக்காரி நினைப்பு.

ஜெபகுமாரி நோட்டை என் பக்கம் திருப்பினாள்.

"வாசி. முதல் பத்தி."

வாசித்தேன். அன்னக்கிளி: 'பெத்தவகிட்ட ஒரு வார்த்தை கேக்காம பிள்ளையத் தூக்கிக் குடுத்தவன் மனுசனா?'

"அடுத்த பத்தி. நீ போய்ச் சொன்னது."

'அவங்களுக்குக் கொஞ்சம் மனவருத்தம்.'

"இன்னும் கீழ. பிள்ளைக்கு மயிலாடியில வச்சுக் காது குத்தலாமான்னு அவரு கேட்டாரு. அதுக்கு அவ என்ன சொன்னா?"

என் குரல் இறங்கிவிட்டது. "'என்னக் கொன்னு போட்டுட்டுக் குத்தட்டும்'னு."

"நீ?"

"'கொஞ்சம் பொறுக்கச் சொல்றாங்க.'"

"பொறுத்தாரு. ரெண்டு வாரம் பொறுத்துட்டு, பொண்டாட்டிக்குச் சம்மதம்னு நினைச்சு வர்ற வெள்ளிக்கிழமை நாள் குறிச்சாச்சு. போன வாரம் நீதான் எழுதியிருக்க. அவளுக்குத் தெரியுமா?"

தெரியாது. 'நல்ல சேதிதானே, அவரே சொல்லட்டும்' என்று எழுதி வைத்திருந்தேன். பெரியப்பன் வீட்டில் காது குத்தி, ஊரைக் கூட்டிச் சோறு போட்டுவிட்டால், பிறகு பகவதி அந்த வீட்டுப் பிள்ளை. திருப்பிக் கேட்க யாருக்கும் வாய் வராது. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் இரண்டு பத்தியையும் சேர்த்து ஒரு தடவைகூட நான் வாசித்துப் பார்க்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. ஜெபகுமாரி முன்னால் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"நாளைக்குப் போறேன்" என்றேன். "முதல் பத்திய மட்டும் ரெண்டு பேரும் கேக்க வாசிக்கப் போறேன்."

"விரட்டி விட்டிருவாவ. அந்த வீட்டுப் படி திரும்ப ஏற முடியாது. மாசக் கடைசிக்குள்ள பன்னிரண்டு மணி நேரத்துக்கு எங்க போவ?"

"விரட்டட்டும்."

"அப்பா வேலைக்குச் சொல்லி வச்சிருக்காருல்லா? இதை முடிக்கலன்னா டிப்ளமோ கிடையாது. இன்னொரு ஆறு மாசம்."

"தெரியும் அக்கா" என்றேன். மிஸ் என்று சொல்ல மறந்துவிட்டது. அவளும் திருத்தவில்லை.

வியாழக்கிழமை காலை, வடசேரியிலிருந்து பஸ் ஏறினேன். வீட்டில் அன்னக்கிளி அடுக்களைக்குள் பிச்சிப்பூ தொடுத்துக்கொண்டிருந்தாள். கிருஷ்ணமணி முன்னறை பெஞ்சில் இருந்தார். நான் நடுவில், வாசல்படியிலேயே உட்கார்ந்தேன்.

"நான் இதுவரைக்கும் உங்க ரெண்டு பேருகிட்டயும் சரியாச் சொல்லல்ல. நீங்க சொன்னத மாத்திச் சொன்னேன். உள்ளபடி சொன்னது இந்த நோட்டுல இருக்கு. வாசிக்கேன்."

வாசித்தேன். 'மனுசனா' என்ற இடத்தில் அவர் தலை நிமிர்ந்தது. 'அண்ணனுக்கு வாக்கு குடுத்தாச்சு, திருப்பிக் கேட்டா நான் ஆம்பிளையா' என்று அவர் சொன்னதை வாசித்தபோது அவள் கை பூவோடு நின்றது. அந்தச் சொல்லை நான் 'யோசிக்கிறாராம்' என்று கொண்டுபோய்க் கொடுத்திருந்தேன். ஏழு வாரமாக அவள் அவருடைய யோசனை முடியக் காத்திருந்தாள். கடைசியில், வெள்ளிக்கிழமை காதுகுத்து என்பதையும் வாசித்து நோட்டை மூடினேன்.

அன்னக்கிளி எழுந்தாள். மடியில் இருந்த பூவெல்லாம் தரையில் கொட்டியது.

"டீச்சர், அவியகிட்ட சொல்லுங்க—"

"சொல்லமாட்டேன். அவரு இஞ்சதான் இருக்காரு."

"டீச்சர்..."

"சொல்லமாட்டேன் அன்னக்கிளி."

 கொல்லையில் மாடு ஒரு தடவை கத்தியது. பேசாமல் இருப்பது என் இருபத்து மூன்று வயதுக்கு அதுவரை தெரியாத வேலை. நாக்கைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

"அத்தான்" என்றாள்.

கிருஷ்ணமணி பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டார்.

"என்கிட்ட கேட்டிருக்கணும்லா?"

"கேட்டா நீ வேண்டாம்னு சொல்லியிருப்ப."

"சொல்லியிருப்பேன். அதனாலதான் கேக்கல்ல."

"அம்மை சாகக் கெடந்தா. நான் என்ன செய்யட்டும்?"

"அம்மைக்கு மவன் நீங்க. பிள்ளைக்கு யாரு?"

அவர் குனிந்து, தரையில் கிடந்த பூவைக் கூட்டி அள்ளினார். "வாரா வாரம் மயிலாடிக்குப் போறேன். வேலிக்கு வெளிய நின்னு பாத்துட்டு வந்திருவேன். உள்ள போனா பிள்ள எனக்கக்கூட வந்திருவா. உனக்க பழைய சேலைத் துண்டு ஒண்ணு முதல் நாளே குடுத்தனுப்பினேன். அத மணத்துக்கிட்டுத்தான் உறங்குதாளாம். மைனி சொன்னா."

அன்னக்கிளி வாய்விட்டு அழுதாள். அவரும் அழுதார். பிறகு அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் மரியாதை ஒன்றும் இல்லை.

"டீச்சர், இதை அன்னைக்கே இப்படியே சொல்லியிருக்கப்பிடாதா?"

"தப்பு என்னுது."

"கொஞ்சம் வெளிய நில்லுங்க."

வெளியே வந்தேன். பூக்கூடைகள் பக்கத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெயிலில் நின்றேன். உள்ளே சத்தமாகச் சண்டை நடந்தது. நேருக்கு நேர் சண்டை. அப்புறம் இரண்டு பேரும் முகம் கழுவி, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தார்கள். என்னிடம் ஒன்றும் சொல்லாமல் பஸ்ஸுக்கு நடந்தார்கள். எங்கே போகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் ஜெபகுமாரி கேட்டாள். "எத்தனை மணி நேரம்?"

"நான் உள்ள இருந்தப்போ அவங்க நேராப் பேசினது இருபது நிமிஷம்."

"நிமிஷத்துக்குப் பத்தி கிடையாது." நோட்டில் சைபர் போட்டு, கீழே கையெழுத்தும் போட்டாள்.

அப்பாவுக்குக் கடிதம் எழுதினேன். இன்னும் ஆறு மாதம் ஆகும், சொல்லி வைத்த வேலையை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லுங்கள் என்று. அப்பா பதில் எழுதவில்லை. சரி என்று எடுத்துக்கொண்டேன். பிறகு பயிற்சியை நீட்டித்துத் தரக் கேட்டு மதராஸுக்கு விண்ணப்பம் போட்டேன்.

சித்திரையில் ஒரு நாள் அலுவலக வாசலில் கிருஷ்ணமணி நின்றார். இடுப்பில் பகவதி. பக்கத்தில் அன்னக்கிளி. பிள்ளைக்கு இன்னும் காது குத்தவில்லை. எனக்கு நன்றி சொல்ல வந்திருக்கிறார்கள் என்று நினைத்து நானும் எழுந்து நின்றேன்.

"அண்ணனையும் மைனியையும் கூட்டிக்கிட்டு வந்திருக்கு" என்றார் அவர். "பிள்ளைய நாங்க கொண்டாந்ததுல இருந்து அவிய ரெண்டு பேரும் பேசிக்கிடல்ல. ஒரு வார்த்தையும் இல்ல."

அவருக்குப் பின்னால் தாணுமாலயன், கல்தூசி ஏறிய கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவரிடமிருந்து பத்தடி தள்ளி அவர் மனைவி நாகம்மை. ஏழு மாதம் பகவதிக்குச் சோறு ஊட்டித் தலைவாரி உறங்கவைத்தவள். என் நோட்டில் பன்னிரண்டு மணி நேரத்தில் எங்கேயும் அவள் பெயரே கிடையாது. பிள்ளையைக் கொடுத்தபோதும் அவளிடம் யாரும் கேட்கவில்லை, எடுத்தபோதும் கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை.

நான்கு பேரையும் உள்ளே கூப்பிடவில்லை. நாகம்மையையும் தாணுமாலயனையும் மட்டும் கூப்பிட்டு, எதிரும் புதிருமாக இரண்டு நாற்காலி போட்டேன். நாகம்மை உட்கார்ந்ததும், கையில் சுருட்டி வைத்திருந்த ஒரு பழைய சேலைத் துண்டை மடியில் வைத்துக்கொண்டாள். அன்னக்கிளியின் சேலை. பிள்ளை விட்டுவிட்டுப் போனது. என் முகத்தைப் பார்த்தாள்.

"டீச்சர், இவியகிட்ட கொஞ்சம் சொல்லுங்க—"

 நல்லதாக நாலு வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.

"இஞ்சதான் இருக்காரு, எக்கா. நீங்களே சொல்லுங்க."

நோட்டில் புதுப் பக்கம் திருப்பி, முதல் பத்தியின் மேலே நாகம்மை என்று எழுதினேன். வாட்சைப் பார்த்தேன். பத்து மணி பத்து நிமிஷம்.