நாலு போல்ட்

“கழட்டுன்னா கழட்டு. எனக்கு வேற பேச்சு வேண்டாம்.”

“கழட்ட முடியாது. அதைத்தானே காலையிலேர்ந்து சொல்லிட்டிருக்கேன்.”

“ஏன் முடியாது? நாலு போல்ட். பதிமூணாம் நம்பர் ஸ்பேனர். நானே கழட்டிக்கறேன், விலகு நீ.”

“போல்ட் இல்ல. வெல்டு வெச்சுட்டேன்.”

சண்டை எதிர்வீட்டு வாசலில். நான் மாடி பால்கனியில் ஒரு போர்வையை மூன்றாவது தடவையாகப் பிழிந்துகொண்டிருந்தேன். அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் மிச்சமில்லை என்பது எனக்கும் தெரியும், என் வீட்டுக்காரருக்கும் தெரியும். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். என்னைக் குறை சொல்லும் மனிதர்தான், ஆனால் சண்டை என்று வந்துவிட்டால் அவருக்கும் காது கேட்கும்.

சண்டை போட்டுக்கொண்டிருந்தவர்கள் அண்ணன் தங்கை; வண்டியில் மாட்டிய பெட்டியைக் கழட்டச் சொன்னவள் தங்கை. அண்ணன் தெருக்கோடியில் பட்டறை வைத்திருக்கிறார். கேட்டும் ஜன்னல் கம்பியும் செய்கிறவர், தெருவுக்கு அவர் கிரில்காரர். தங்கை ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள், அதனால் எக்ஸ்ரே. அவருக்கு நாற்பத்தாறு, அவளுக்கு நாற்பது, இருவருக்கும் கல்யாணமாகவில்லை, அப்பா அம்மா இல்லை. எக்ஸ்ரேக்கு ஒரு வரன் நானே கொண்டுவந்தேன். மாப்பிள்ளை, கல்யாணத்துக்கப்புறம் வண்டி ஓட்டுவதை விட்டுவிடுவாளா என்று கேட்டார். அவருக்கு ஓட்டத் தெரியுமா என்று இவள் கேட்டாள். டீ ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

வண்டி என்றால் சும்மா கடைக்குப் போய்வருகிற வண்டி இல்லை. தூரப் பயணத்துக்கென்றே செய்த பெரிய மோட்டார் சைக்கிள். ஆஸ்பத்திரி டாக்டர் ஒருவர் வாங்கி, முதுகு பிடித்துக்கொண்டு, இவளிடம் தள்ளிவிட்டது. அதை அவள் பார்த்துக்கொண்ட மாதிரி பிள்ளை பெற்றவர்கள் பிள்ளையைப் பார்த்துக்கொண்டால் ஊரில் பாதி டாக்டருக்கு வேலை இருக்காது. ஐந்நூறு கிலோமீட்டருக்கு ஒரு தரம் மண்ணெண்ணெயும் பழைய பல்தேய்க்கிற பிரஷும் வைத்துச் செயினைத் துடைப்பாள். எண்ணெய் போடுவது மட்டும் ஓட்டிவிட்டு வந்த கையோடு. செயின் சூடாக இருந்தால்தான் உள்ளே இறங்குமாம். டயரில் காற்றுப் பார்ப்பது காலையில், வண்டி நகர்வதற்கு முன்னால். ஓடிய டயர் சூட்டில் பொய் சொல்லும் என்பாள். கிளட்ச் கேபிள் பக்கத்திலேயே இன்னொரு கேபிளையும் இழுத்துக் கட்டி வைத்திருந்தாள். வழியில் ஒன்று அறுந்தால் முனையை மாற்றி மாட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். பால்கனியில் நின்று பார்த்தே எனக்கு இவ்வளவு தெரிகிறது என்றால் பக்கத்தில் இருந்து பார்த்த அண்ணனுக்கு எவ்வளவு தெரிந்திருக்கும்.

ஆறு வருஷமாக லீவு சேர்த்தாள். இருபத்திரண்டு நாள். கடலோரமாகவே ஓட்டிப்போய், சாலை முடிகிற இடத்தில் இருக்கும் கலங்கரை விளக்கத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புவது. தனியாக.

தனியாக என்ற சொல்தான் கிரில்காரருக்குத் தொண்டையில் மாட்டிக்கொண்டது. வேண்டாம் என்று சொல்ல வாயில்லாத மனுஷன். வேறு வழி பார்த்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் சாக்கை விரித்து, வண்டியை அதன்மேல் மெதுவாகப் படுக்கவைத்தார். நடுவழியில் விழுந்தால் யார் வந்து தூக்குவார்கள், நீ தனியாகத் தூக்கிக் காட்டு, அப்புறம் போ என்றார். தெருவே வேடிக்கை பார்த்தது. எக்ஸ்ரே ஹேண்டிலைத் தரைப்பக்கமாக முழுக்கத் திருப்பினாள். வண்டிக்கு முதுகைக் காட்டி, இடுப்பை சீட் விளிம்பில் வைத்து, ஒரு கையால் ஹேண்டிலையும் இன்னொரு கையால் பின்கம்பியையும் பிடித்து, முழங்காலை மடக்கி, பின்பக்கமாகக் குட்டிக் குட்டி அடி வைத்தாள். வண்டி எழுந்து நின்றது. என் வீட்டுக்காரர் கைதட்டினார். எனக்கு ஒரு தடவையாவது தட்டியிருக்கிறாரா என்று யோசித்துப் பார்த்தேன்.

அண்ணன் தோற்றுவிட்டார். தோற்ற பிறகு அவருக்கு மிச்சம் இருந்தது ஒன்றுதான்: போகிறவளைப் பத்திரமாக அனுப்புவது. அங்கேதான் வினை பிடித்தது. முதலில் முன்பக்கம் ஒரு கார்டு, வண்டி விழுந்தால் அடிபடாமல் தாங்குகிற வளைகம்பி. அதற்கென்று விற்கிற மெல்லிய குழாய் இருக்கிறது, ஆனால் அவர் பட்டறையில் இருந்த கேட் குழாயை வளைத்தார். யானை முட்டினாலும் தாங்கும். யானைதான் ஓட்ட வேண்டும். எலக்ட்ரிக் கடைக்காரர் வந்து இரண்டு பனி விளக்கு மாட்டினார். தனி ரிலே வைக்காமல் ஹாரன் ஒயரிலிருந்து இழுக்கப் பார்த்தவரை எக்ஸ்ரே கையைப் பிடித்துத் தடுத்தாள், இல்லாவிட்டால் ஒயர் கருகியிருக்கும். வண்டி சீட் தைக்கிற சீட்டுக்கடைக்காரி, அவள் புருஷன் போன பிறகு கடையைத் தனியாக நடத்துகிறவள், நாள் முழுக்க உட்கார்ந்தால் வலிக்கும் என்று இரண்டு விரல் கனத்துக்குப் பஞ்சு ஏற்றித் தைத்தாள். கால் தரைக்கு எட்டவில்லை. மறுபடி பக்கவாட்டில் வெட்டிக் குறைத்தாள். அதற்கெல்லாம் அளவு பார்க்க கிரில்காரர்தான் கடைக்கு நாலு தரம் நடந்தார் என்பதையும் நான் கவனிக்காமல் இல்லை.

பக்கத்துக்கு ஒரு பெட்டி வைத்தால் துணிமணி நனையாதே என்று சொன்னது நான். எல்லாரும் ஏதாவது சொல்லும்போது நான் மட்டும் சும்மா இருந்தால் நன்றாக இருக்குமா? கிரில்காரர் இரும்புத் தகட்டில் இரண்டு பெட்டி செய்தார். காலிப் பெட்டியே ஒவ்வொன்றும் பன்னிரண்டு கிலோ.

எக்ஸ்ரே எதற்கும் முகம் சுளிக்கவில்லை. அண்ணனுக்கு மனசு ஆறினால் சரி என்று விட்டுக்கொடுத்தாள். ஒரே ஒரு நிபந்தனை: பெட்டியையும் அதைத் தாங்கும் சட்டத்தையும் நாலு போல்டில்தான் நிறுத்த வேண்டும். விழுந்தால் கழற்றிப் போட்டுவிட்டு வண்டியைத் தூக்கலாம், அறை எடுத்தால் பெட்டியை அங்கேயே வைத்துவிட்டுச் சுற்றலாம். “என்னால தூக்க முடியாத எதுவும் வண்டில இருக்கக் கூடாதுண்ணா,” என்றாள். அவரும் சரி என்றார். போல்ட்தான் போட்டார். என் கண்ணால் பார்த்தேன்.

இனி சொல்ல வேண்டியது என்னைப் பற்றி.

எனக்கு முட்டிவலி. படம் எடுக்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். எக்ஸ்ரே உள்ளே படத்தட்டை மாற்றிக்கொண்டிருந்த நேரம், அவள் மேஜைமேல் ஒரு பாரம் கிடந்தது. இடமாற்றம் கேட்கும் விண்ணப்பப் பாரம். கேட்டிருந்த ஊர் கடலோர ஊர், அதே கலங்கரை விளக்கம் இருக்கிற ஊர். யார் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்த மேல்பாதியின்மீது ஒரு கவர் இருந்தது. மற்ற நாளாக இருந்தால் கவரை நகர்த்தி அடிவரைக்கும் படித்திருப்பேன். இல்லாத கூச்சம் அன்றைக்குத்தான் எனக்கு வந்தது.

திரும்பும் வழியில் பட்டறை. எங்கள் கேட் தாழ்ப்பாள் சரியாக விழவில்லை என்று சொல்லப் போனவள் அதைச் சொல்ல மறந்துவிட்டேன். இதைச் சொன்னேன். எனக்கென்னவோ இது இருபத்திரண்டு நாளில் திரும்புகிற பயணமாகத் தெரியவில்லை தம்பி, பாரமெல்லாம் ரெடியாக இருக்கிறது என்றேன். கிரில்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, “அவ பேரு போட்டிருந்துச்சாக்கா?” என்று கேட்டார். பேரைப் பார்க்கவில்லை, ஆனால் அவள் மேஜையில் வேறு யார் பாரம் இருக்கப் போகிறது என்றேன். அவர் மறுபடி கண்ணாடியை இறக்கிக்கொண்டார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு அது கொஞ்சம் சப்பென்று இருந்தது.

மூன்றாம் நாள்தான் இந்தச் சண்டை. மறுநாள் காலை அவள் கிளம்ப வேண்டும்.

எக்ஸ்ரே குந்தி உட்கார்ந்து பார்த்தாள். போல்ட் இருந்த இடமெல்லாம் உருக்கி மூடி, சட்டம் வண்டியின் உடம்புக் குழாயோடு ஒன்றாகிவிட்டிருந்தது. சுற்றிலும் பெயின்ட் கருகி உரிந்திருந்தது. அந்தக் குழாய்தான் வண்டியின் முதுகெலும்பு. அதில் நெருப்பு வைத்தால் பலம் போய்விடும், இனி மெஷின் வைத்து அறுத்தால் இன்னும் போய்விடும். இது அவளுக்கும் தெரியும், இரும்போடு முப்பது வருஷம் இருந்த அவருக்கும் தெரியும். கேட்டில் வெல்டு வைத்தால் கேட் உறுதியாகும். கேட் எங்கும் போவதில்லை.

அதிர்வில் போல்ட் தளர்ந்துவிடும், அதனால்தான் என்றார் அவர். அதற்குத்தான் லாக் நட் இருக்கிறது என்றாள் அவள். உன்னை யாரும் போக வேண்டாம் என்று சொல்லவில்லையே என்றார். பிறகு சொல்லியிருக்க வேண்டாத ஒன்றைச் சொன்னார்.

“நீ போட்ட ரூல்தானே பாப்பா. தூக்கிக் காட்டு. போ.”

அவள் சாக்கு எதுவும் விரிக்கவில்லை. வண்டியைத் தானே சாய்த்துத் தரையில் போட்டாள். ஹேண்டிலைத் திருப்பினாள், திரும்பி நின்றாள். இடுப்பை எங்கே வைப்பது? சீட் விளிம்பு இருந்த இடத்தில் பெட்டி. பின்கம்பியைத் தேடிய கைக்குச் சட்டம்தான் கிடைத்தது. கேட் குழாய் கார்டு இருந்ததால் வண்டி முழுக்கப் படுக்கவில்லை, அது ஒரு உதவிதான். ஆனாலும் மூன்று தடவை முயன்றதில் ஒரு சாண் எழுந்தது, அவ்வளவே. பெட்ரோல் மூடியோரம் கசிந்து சொட்டியது. என் வீட்டுக்காரர் ஒரு கால் செருப்போடு இறங்கி ஓடினார். “யாரும் கிட்ட வராதீங்க,” என்றாள் அவள், சத்தம் போடாமல். அவர் தெரு நடுவில் நின்றுவிட்டார். நாலாவது தடவை பார்த்துவிட்டு அவள் படியில் உட்கார்ந்தாள். உள்ளங்கை தோல் உரிந்திருந்தது.

“ஏண்ணா?”

அவர் பெட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “அங்கேயே இருந்துடப் போறன்னு கேள்விப்பட்டேன். பாரம் எழுதி வெச்சிருக்கியாம்.”

யார் சொன்னது என்று அவள் கேட்டாள். கிரில்காரர் பால்கனியைப் பார்க்கவில்லை. கடைசிவரைக்கும் பார்க்கவில்லை. அந்த மனுஷனிடம் நான் பட்ட கடன் அது ஒன்று.

“அது எங்கூட வேலை செய்யறவரோட பாரம். அவர் சம்சாரத்துக்கு அந்த ஊரு. நான் சீனியர், கையெழுத்துக்கு எங்கிட்ட வந்துச்சு.” மூச்சு வாங்கினாள். “திரும்பி வரத்தாண்ணா லீவு எழுதினேன். வராம இருக்கிறதுக்கு யாராச்சும் லீவு எழுதுவாங்களா? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?”

கடைசியில் இருவரும் ஆளுக்கொரு முனை பிடித்து வண்டியைத் தூக்கி நிறுத்தினார்கள். இரண்டு பேர் சேர்ந்தால் அது ஒன்றும் பெரிய கனம் இல்லை. நான் போர்வையோடு உள்ளே போய்விட்டேன்.

லீவை ரத்து செய்துவிட்டு மூன்றாம் நாளே அவள் வேலைக்குப் போனாள், பஸ்ஸில். அடுத்த ஒரு வாரம் கிரில்காரர் பட்டறையைத் திறக்கவில்லை. சட்டத்தை அறுத்தார், அரம் போட்டுத் தேய்த்தார், பெயின்ட் அடித்தார். மெக்கானிக்கைக் கூட்டிவந்து காட்டினார். அந்த ஆள் இரும்பு தேய்ந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, ஊருக்குள் ஓட்டலாம், சுமையோடு தூரம் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கிரில்காரர் அதையும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். தங்கையிடம் அவர் என்ன சொன்னார், அவள் என்ன சொன்னாள் என்பது எனக்குத் தெரியாது. அவர்கள் வீட்டு ஜன்னல் அந்த மாதம் முழுக்கச் சாத்தியே இருந்தது.

எனக்கு மனசு உறுத்தியது. முட்டியைச் சாக்காக வைத்து மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனேன். மேஜைமேல் படுக்கவைத்தாள். மூச்சை இழுத்துப் பிடிங்க என்றாள். முட்டிக்கு எதற்கு மூச்சு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. பிடித்துக்கொண்டே இருந்தேன். கண் இருட்டுகிற நேரத்தில்தான் விடுங்க என்றாள். விட்ட மூச்சோடு, நான்தான் சொன்னேன் என்று சொல்லிவிட்டேன்.

“தெரியும்க்கா,” என்றாள். “அன்னைக்கு இந்த ரூமுக்கு வந்தது மூணு பேரு. ஒருத்தருக்குக் கண்ணு தெரியாது. ஒருத்தருக்கு இன்னும் பல்லே முளைக்கல.” படத்தட்டை உருவினாள். “காலை அசைக்காதீங்க.”

திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லிவிட்டு நிம்மதியாக வீட்டுக்கு வந்திருப்பேன்.

நாலு மாதம் கழித்து அவள் தன் பேரில் ஒரு பாரம் எழுதினாள். அதே ஊர். கிடைத்தது. இரண்டு பையோடு பஸ்ஸில் போனாள்; அண்ணன்தான் பைகளைத் தூக்கிக்கொண்டு நிறுத்தம்வரை நடந்தார். வண்டியை அவள் கேட்கவில்லை, அவரும் விற்கவில்லை. மறு வருஷம் கிரில்காரர் சீட்டுக்கடைக்காரியைக் கல்யாணம் செய்துகொண்டார். எக்ஸ்ரே இரண்டு நாள் லீவில் வந்து, அண்ணிக்கு மாலை எடுத்துக் கொடுத்து, மூன்றாம் நாள் போய்விட்டாள். அவள் அங்கே யாரையும் கட்டிக்கொள்ளவில்லை என்றுதான் கேள்வி. கட்டிக்கொண்டாள் என்றும் ஒரு பேச்சு இருக்கிறது. நான் அதை யாரிடமும் கேட்டுப் பார்க்கவில்லை. புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும் சீட்டுக்கடைக்குப் பின்னால் இருக்கிற வீட்டுக்குக் குடிபோய்விட்டார்கள். எதிர்வீட்டுக்குப் புதிதாக ஒரு குடும்பம் வந்து ஆறு மாதம் ஆகிறது. எங்கிருந்து வந்தார்கள், என்ன வேலை, எத்தனை பேர் என்று என் வீட்டுக்காரர் தினமும் என்னைக் கேட்கிறார். தெரியாது என்கிறேன். அவர் நம்புவதில்லை.