துணைவேந்தர் அறைக்கு வந்த காற்று

தெய்வசிகாமணி வெறும் வேதியியல் பேராசிரியராக இருந்த காலத்தில், புதுச்சேரி கீழைக்கரைப் பல்கலைக்கழக வாசலில் நின்று முழங்காத நாளில்லை. "லேப்ல ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் இல்ல. புள்ளைங்க நுரையீரலு என்ன ஃபில்டர் பேப்பரா?" என்று அவர் கேட்டபோது கைதட்டியவர்களில் ஃபரீஹாவும் ஒருத்தி. முத்தியால்பேட்டையிலிருந்து ஸ்கூட்டியில் வந்து ஆராய்ச்சி செய்கிற பெண். அவளுக்கு வீசிங் வேறு. வழிகாட்டி என்றால் இந்த மகராசன்தான் என்று அவரிடமே போய்ச் சேர்ந்தாள்.

துறைத் தலைவரானதும் ஃபேனுக்கு நிதி இல்லை என்றார். டீன் ஆனதும் ஃபேன் என்பது கொள்கை முடிவு என்றார். துணைவேந்தர் ஆனதும், "எந்த ஃபேன்மா?" என்றார். ஆற்றைக் கடக்கும் வரைதானே அண்ணன் தம்பி.

பதவி உயர உயர மனிதருக்கு மூக்கும் கூர்மையாகிவிட்டது. அவருடைய புது அறை ஆய்வகத்துக்கு நேர் மேலே. ஃபரீஹா கீழே பிரிடின் பாட்டிலைத் திறந்தால் அழுகிய மீன் வாடை ஜன்னல் வழியாக மாடிக்கு ஏறும். பொன்னாடையோடு வந்த ஒரு பிரமுகர், "என்னங்க, வைத்திக்குப்பம் கடற்கரை இவ்ளோ கிட்டயா?" என்று கேட்டேவிட்டார். மறுநாளே நடவடிக்கை. ஆய்வக ஜன்னல்கள் அத்தனையையும் ஆணி அடித்து மூடினார்கள்.

ஃபரீஹாவுக்கு மீதி இருந்தது ஒரே ஒரு சோதனை. அதை முடித்தால் பட்டம். ஆனால் மூடிய அறையில் செய்தால் பட்டத்துக்கு முன்னால் மூச்சு போய்விடும். இன்ஹேலரை இழுத்துவிட்டு, வாடை ஏறிய கோட்டோடு மாடிக்குப் போனாள்.

"சார், ஜன்னலயும் அடச்சிட்டா நாங்க எங்க சார் மூச்சு விடறது?"

அவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். "அதுக்குத்தான் கமிட்டி போட்டிருக்கேன்மா. நீதான் மாணவர் பிரதிநிதி. சந்தோஷமா?"

அவள் போன பிறகும் வாடை போகவில்லை. வருஷக்கணக்கில் நகராத கோப்பு அன்று மதியமே ஓடியது. எக்ஸாஸ்ட் ஃபேன் வந்தது, நல்ல பெரிய ஃபேன். துணைவேந்தர் அறையில் மாட்டினார்கள்.

கேள்விப்பட்டதும் ஃபரீஹா ஆய்வக மூலையில் உட்கார்ந்து ஆத்திரம் தீர அழுதாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சோதனைக் குடுவையோடு துணைவேந்தரின் செயலர் மேனகாவிடம் போனாள்.

"அக்கா, சார் எப்ப ரூம்ல இருப்பாரு?"

"எப்ப இருந்தாரு? காலையில மரம் நடறாரு, சாயங்காலம் விளக்கு ஏத்தறாரு. உள்ள அந்த ஃபேன் ஒண்ணுதான் உக்காந்து வேலை பாக்குது."

மேனகா அவள் கையிலிருந்த குடுவையைப் பார்த்தார், இன்ஹேலரையும் பார்த்தார். மேஜை இழுப்பறையிலிருந்து சாவியை எடுத்தார்.

"கார்பெட்ல மட்டும் கொட்டிடாத."

அந்த நேரத்தில் தெய்வசிகாமணி மூலக்குளத்தில் ஒரு பள்ளியின் அறிவியல் கண்காட்சியைத் திறந்துவைத்து, ஆய்வகமே தன் கோயில் என்று உருகிக்கொண்டிருந்தார். அவருடைய தேக்கு மேஜையில் பொன்னாடைகளை ஒதுக்கிவிட்டு, ஃபேனுக்கு அடியில் ஃபரீஹா குடுவையைப் பொருத்தினாள். சோதனை சுத்தமாக முடிந்தது. அவர் பதவியேற்ற பிறகு அந்த அறையில் நடந்த முதல் உருப்படியான வேலை அதுதான். அவளுக்கு ஒரு இருமல்கூட வரவில்லை.