இன்னும் பத்தே பத்து

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை பிறந்தது என் இடது கையில். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை அங்கே இப்போது ஒரு முடிகூடக் கிடையாது. பழைய சாமான் கடையில் வாங்கிய சவரக்கத்தியைத் தீட்டித் தீட்டி, அந்தக் கையில்தான் கூர் பார்த்தேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவனுக்கு நேரம் கொட்டிக் கிடக்கிறது, முடிக்குத்தான் தட்டுப்பாடு.

முதலில் இப்படித் தொடங்கினேன்: கல்லும் இரும்பும் முதன்முதலாகச் சந்தித்த அந்த அதிகாலையில்

[அடித்துவிட்டேன். அப்போது மணி பத்தரை.]

2
கதைக்கு ஓர் ஆள் வேண்டுமே! மச்சான் இருக்கிறார். என் மனைவியின் அண்ணன், முன்னாள் பஸ் கண்டக்டர். கை நடுக்கத்தால் மூன்று வாரமாகச் சவரம் இல்லை. ஆறு வருடமாக முகம் கொடுத்துப் பேசாத அவர் மகள் சனிக்கிழமை பதினோரு மணிக்கு இங்கே வருகிறாள்.

"அவ பாக்கறப்ப என் மூஞ்சி பழைய மூஞ்சியா இருக்கணும் மாப்ள."

"நான் எதுக்கு இருக்கேன்? பட்டு மாதிரி வழிச்சு விடறேன் மச்சான்!"

அன்றைக்கு நான் கத்தி தீட்டப் பழகி இரண்டே நாள்.

(மகளைக் கதையிலிருந்து எடுத்துவிடலாமா என்று பார்த்தேன். எடுத்தால் தாடி வெறும் தாடியாகிவிடுகிறது. இருக்கட்டும்.)

3
கத்தியின் முதுகும் கூரான வாயும் சேர்ந்தாற்போல் தீட்டுக்கல்லில் படிய வேண்டும். மறுபக்கம் திருப்பும்போது முதுகின்மேல் புரட்ட வேண்டும். வாயின்மேல் புரட்டினால் அத்தனை உழைப்பும் போச்சு. நான் அப்படிப் புரட்டியது நாற்பதாயிரம் தடவை.*

புதன்கிழமை முடி விழுந்தது! கத்தி தொடவே இல்லை, பார்த்த பயத்திலேயே விழுந்தது. நான் குதித்த குதியில் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து நலம் விசாரித்தார். அவர் போனதும் என்ன செய்தேன்? "இன்னும் பத்தே பத்து இழுப்பு" என்று மறுபடி கல்லில் வைத்தேன். மழுங்கல். வியாழனும் கூர், பத்து, மழுங்கல். கல்லைக் குப்பைத்தொட்டியில் போட்டேன். அரை மணி கழித்து நானே பொறுக்கி எடுத்துக் கழுவினேன்.

"ஏங்க, கத்தி வந்து கேட்டுச்சா இன்னும் பத்து வேணும்னு? நீங்களே கேக்கறீங்க, நீங்களே கெடுக்கறீங்க" என்றாள் மனைவி.

* அவள் இதைப் படித்துவிட்டு, "ரெண்டே தடவை" என்று திருத்தச் சொன்னாள். கதை எழுதுவது யார்?

4
சனிக்கிழமை, பத்தே முக்கால். என் கையின் கடைசி முடி விழுந்தாயிற்று. இனிச் சோதிக்க ஒன்றும் இல்லை. ஜன்னலோர நாற்காலியில் நுரை பூசிய முகத்தோடு மச்சான். எட்டும் தூரத்தில் கல். என் கை அதை நோக்கி

[மனைவி கல்லை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.]

"கை நடுங்குதே மாப்ள?"

"உங்களப் பாத்துக் கத்துக்கிட்டதுதான்."

"நீ பயப்படாத. பயப்பட வேண்டியவன் நான்."

கண்ணை மூடிக்கொண்டார். கன்னத்தில் கத்தியை வைத்து இழுத்தேன். இரண்டு விரல் அகலத்துக்கு நுரையில் பாதை விழுந்தது. ரத்தம் இல்லை, சத்தமும் இல்லை.

"என்ன மாப்ள, எப்ப ஆரம்பிக்கப் போற?"

ஐயோ, அந்த ஒரு கேள்விக்கு நான் இன்னொரு கையையும் மொட்டை அடித்துக்கொள்வேன்!

5
மகள் அழுவதாக ஒரு முடிவு எழுதினேன். வாசலோடு திரும்பிப் போவதாக இன்னொன்று. இரண்டிலும் நுரை காய்ந்துபோனது. இன்னும் பத்தே பத்து வரி எழுதினால் சரியாக வந்துவிடும் என்று கை துறுதுறுக்கிறது. மனைவி பேனாவுக்கும் கை நீட்டுகிறாள்.

மச்சானின் வலது கன்னம் முடிந்தது. இடது பாக்கி. படியில் செருப்புச் சத்தம் கேட்கிறது.

கதவை நீங்களே போய்த் திறந்துவிடுங்களேன். என் கையெல்லாம் நுரை.