பிள்ளைகள் அறையில் ஒரே ஒரு ஆணி

எங்கள் ஹவுஸ் ஓனர் பாலுசாமி அண்ணனைப் போல மரியாதையாக மிரட்டத் தெரிந்தவர் கோயமுத்தூர் ஜில்லாவில் இன்னொருவர் இருக்க மாட்டார். சாவியைக் கையில் கொடுக்கும்போதே சொல்லிவிட்டார்.

“அம்மணி, உங்க சொந்த ஊடாட்டவே நெனச்சு இருந்துக்குங்க. எதுன்னாலும் பண்ணிக்குங்க. செவுத்துல ஆணி மட்டும் அடிச்சுப்போடாதீங்க.”

“ஒண்ணே ஒண்ணு கூடவாங்கண்ணா?”

“ஒண்ணுன்னு ஆரம்பிச்சுத்தானுங்க முன்னால இருந்தவிங்க செவுத்தையே சல்லடையாக்கிப்போட்டாங்க. இருக்கற ஆணியில மாட்டிக்குங்க. புதுசா வேண்டாமுங்க.”

சொல்லிவிட்டு ஒரு கும்பிடு வேறு. கும்பிட்டுக்கொண்டே தடை போடுகிற மனுசனிடம் எப்படிச் சண்டை பிடிப்பது? கீழ்வீட்டில் அவர், மாடியில் நாங்கள். சிரித்துக்கொண்டே மாடி ஏறினோம்.

மதுக்கரைக்குப் போகிற ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது வீடு. ஹால், சமையலறை, எங்களுக்கு ஓர் அறை, பிள்ளைகளுக்கு ஓர் அறை. ஹாலில் இருந்த ஆணியைக் கடிகாரம் பிடித்துக்கொண்டது. பிள்ளைகள் அறையில் ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் ஒரே ஒரு ஆணி. யாரோ காலண்டர் மாட்ட அடித்திருப்பார்கள். மேலே பெயிண்ட் பூசி மறைக்கப் பார்த்திருந்தார்கள், அது மறையவில்லை.

பிள்ளைகள் என்றேனே, அதையும் சொல்லிவிடுகிறேன். ரித்திகா என் மகள், ஒன்பது வயது. சபரீஷ் என் கணவர் கிருபாசங்கரின் மகன், பன்னிரண்டு. எனக்கும் இது இரண்டாம் கல்யாணம், அவருக்கும் இது இரண்டாம் கல்யாணம். என்னுடைய முதலாவது கோர்ட்டில் முடிந்தது, அவருடையது ஆஸ்பத்திரியில் முடிந்தது. உங்கள் வீடும் வேண்டாம், எங்கள் வீடும் வேண்டாம், புதுசாக ஓரிடத்தில் ஆரம்பிப்போம் என்றுதான் இங்கே வந்தோம்.

ரித்திகாவுக்கு வெட்கம் என்பதே கிடையாது. சைக்கிள் வாங்கிக் கொடுத்த அன்றைக்கே கிருபாசங்கரை அப்பா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். இவள் அழக்கூட மாட்டாள், சட்டமாக உட்கார்ந்துகொண்டு பாலும் கேட்பாள், அதில் பூஸ்ட் இல்லையா என்றும் கேட்பாள்.

சபரீஷ் அப்படியே நேரெதிர். எதற்கும் “சரிங்க.” ஒருநாள் ரசத்தில் உப்புப் போட மறந்துவிட்டேன். ரித்திகா ஒரு வாய் வைத்துவிட்டு, “கருமம், என்னம்மா இது!” என்று தட்டைத் தள்ளினாள். அவன் சோற்றைப் பிசைந்து ஒரு பருக்கை விடாமல் தின்றுவிட்டு, “நல்லாருந்துச்சுங்க” என்று எழுந்து போனான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. உப்பில்லாத ரசத்தை நன்றாக இருக்கிறது என்று விருந்தாளிதான் சொல்வான், வீட்டுப் பிள்ளை சொல்லுமா? ஒரே ஒரு தடவை, இது எனக்கு வேண்டாம், அதுதான் வேணும் என்று இந்தப் பையன் என்னிடம் சொல்லிவிட வேண்டும் என்று முருகனுக்கு வேண்டிக்கொண்டேன். இல்லாவிட்டால் காலம் முழுக்க என் வீட்டில் விருந்தாளியாகவே இருந்துவிடுவானோ என்று பயமாக இருந்தது.

“ரூம நல்லா டெக்கரேட் பண்ணிக் குடுத்தா பையன் செட் ஆயிருவான்” என்று ஆரம்பித்தவர் என் கணவர். மோட்டார் பம்ப் கம்பெனியில் செக்கிங் வேலை. தோசையைக்கூட டேப் வைத்து அளந்துதான் வட்டம் என்று ஒப்புக்கொள்வார். அறையை அங்குலம் அங்குலமாக அளந்து சரிபாதியாகப் பிரித்து, தரையில் சாக்பீஸ் கோடு போட்டார். பார்த்தால் ஜன்னல் முழுசாக ரித்திகா பக்கம் போய்விட்டது, அலமாரிக் கதவு திறந்தால் சபரீஷ் கட்டிலில் இடித்தது.

“பரவால்லீங்களா கண்ணு?” என்று கேட்டேன்.

“பரவால்லீங்க” என்றான்.

சோமனூரில் தறி ஓட்டும் என் அண்ணனிடம் அறை நடுவில் மறைக்கத் திரைத்துணி கேட்டிருந்தோம். என்ன நிறம் வேண்டும் என்று பிள்ளைகளைக் கேட்டார் அண்ணன். ரித்திகா கேட்டு முடிப்பதற்குள் “வயலெட்!” என்றாள். சபரீஷ், “எதுன்னாலும் சரிங்க” என்றான். ஒரு நிறத்துக்கு ஓட்டு விழுந்தது, எதிர் ஓட்டு இல்லை. ஜன்னல் கம்பிக்கும் பரண் கொக்கிக்கும் கயிறு கட்டித் திரை போட்டோம். அறை முழுக்க வயலெட். மீசை அரும்பப் போகிற பையன் அதற்குப் பின்னால் உட்கார்ந்து கணக்குப் போட்டான்.

அதோடு விட்டாரா என் கணவர்? ஆன்லைனில் சூரியன், கிரகங்கள் என்று சூரியக் குடும்பம் முழுவதையும் ஸ்டிக்கராக வரவழைத்தார். நாற்காலி மேல் ஏறி, பூமிக்கும் நிலவுக்கும் இடைவெளி அளந்து ஒட்டினார். பாலுசாமி அண்ணன் வீட்டுச் சுவரில் கை வைத்தால் கையோடு வெள்ளை வரும். மறுநாள் காலையில் பார்த்தால் செவ்வாய் கட்டிலுக்கு அடியில் கிடந்தது, வியாழன் ரித்திகாவின் ஸ்கூல் ஷூவுக்குள். சனியை மட்டும் காணோம். சாயங்காலம் கம்பெனியிலிருந்து வந்தவர் முகம் சரியில்லை.

“ஏன் புவனா, காலைல சட்டை போடறப்ப நீ பாக்கலையா?”

சனி அவர் முதுகில் இருந்திருக்கிறது. நாள் முழுக்க. கம்பெனியில் எல்லோரும் ஏழரைச் சனியா, அட்டமச் சனியா என்று துக்கம் விசாரித்திருக்கிறார்கள். ரித்திகா உருண்டு உருண்டு சிரித்தாள். சபரீஷ்கூடச் சிரிக்க வாய் திறந்தான், நான் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். பாவி, சிரித்தால்தான் என்ன?

இத்தனை கூத்துக்கும் நடுவில் ஒன்றைப் பற்றி மட்டும் யாரும் வாயைத் திறக்கவில்லை. குடிவந்த வாரம் சபரீஷின் சட்டைகளை அடுக்கும்போது, அவன் பைக்குள் பச்சைச் சேலைத் துண்டில் சுற்றிய ஒரு படத்தைப் பார்த்தேன். அவன் அம்மா யுவஸ்ரீ. கண்ணாடிச் சட்டத்துக்குள் பொட்டு வைத்த சிரித்த முகம். அவர்களுடைய பழைய வீட்டு ஹாலில் மாட்டியிருந்த படம்தான். பார்த்தது பார்த்தபடி சுற்றி வைத்துவிட்டேன்.

நானாக எடுத்து மாட்டினால் நல்லவள் வேஷம் போடுகிறாள் என்று பையன் நினைப்பானோ என்று எனக்குத் தயக்கம். புதுப் பெண்டாட்டியிடம் இதை எப்படிக் கேட்பது என்று அவருக்குத் தயக்கம். அடுத்தவர்கள் வீட்டில் நாம் கேட்கலாமா என்று அவனுக்கு. எங்கள் பக்கத்து மரியாதை இருக்கிறதே, அது ஒருநாள் எங்களைக் கொல்லாமல் விடாது. மூன்று பேரும் ஒருவர் வாயை ஒருவர் பார்த்துக்கொண்டு, அந்த அம்மாவைப் பைக்குள்ளேயே வைத்திருந்தோம்.

ஒரு சாயங்காலம் அறை வாசலில் வந்தவள் அப்படியே நின்றேன். சபரீஷ் கட்டில்மேல் ஏறி அந்த ஒற்றை ஆணியைப் பிடித்து ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சாணால் சுவரில் அளந்தான், படத்தின் அகலம் இருக்கும். என்னைக் கண்டதும் இறங்கிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டான். சரி, நாளைக்கு அவனே மாட்டிவிடுவான் என்று மனதுக்குள் ஒரு நிம்மதி.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. என் மகராசி ரித்திகா, டவுன்ஹால் கடைவீதியில் அடம்பிடித்து வாங்கிய கண்ணாடியைக் கொண்டுபோய் அதே ஆணியில் மாட்டிவிட்டாள். சுற்றிலும் வயலெட் இறகு வைத்த கண்ணாடி.

“சபரீஷ் கண்ணு, அந்த ஆணி உனக்கு வேணுமா? வேணும்னா சொல்லு சாமி, அவளை எடுக்கச் சொல்றேன்.”

அவன் ஆணியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். “இல்லீங்க. பாப்பாவே வெச்சுக்கட்டுங்க.”

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. மல்லித்தழை வாங்கிவரச் சொல்லி அவனைக் கடைக்கு அனுப்பிவிட்டு, நேராகச் சமையலறைக்குப் போனேன். கிருபாசங்கர் அரசாணிக்காய், அதாவது பரங்கிக்காய், நறுக்கிக்கொண்டிருந்தார். எல்லாத் துண்டும் ஒரே அளவு.

“ஏனுங்க, பையன் பையில இருக்கற போட்டோவ எப்ப மாட்டறதா உத்தேசம்?”

கத்தி நின்றது. “உனக்குத் தெரியுமா?”

“வந்த வாரமே தெரியும்.”

“நீ சங்கடப்படுவீன்னு நெனச்சேன் புவனா.”

“நான் எதுக்குச் சங்கடப்படறேன்? அவங்க பெத்த பையன் எனக்கு வேணும், அவங்க படம் மட்டும் வேண்டாமா? அவங்களுக்கு ஒரு ஆணி எடம் இல்லாத ஊட்டுல எனக்கு மட்டும் என்னங்க எடம்?”

அவர் கத்தியைக் கீழே வைத்தார். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெங்காயம் என்றாலாவது சாக்குச் சொல்லலாம், அரசாணிக்காய்க்கு யார் அழுவார்கள்? எனக்கும் அழுகை வந்தது. “அவன் வரட்டும், சேந்து மாட்டலாம்” என்றார்.

தண்ணீர் குடிக்க வந்த ரித்திகா கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் போனதை நாங்கள் கவனிக்கவில்லை. அவளுக்குப் பாம்புக் காது.

கொஞ்ச நேரத்தில் சபரீஷ் கடையிலிருந்து வந்து அறைக்குள் போனான். உடனே ஒரு கத்தல் கேட்டது. இத்தனை மாதத்தில் நான் கேட்டே இராத குரல்.

“யாரு உன்னை எடுக்கச் சொன்னது?”

ஓடினோம். இறகுக் கண்ணாடி கட்டிலில் கிடந்தது. ஆணியில் யுவஸ்ரீயின் படம். என் மகள்தான் எடுத்து மாட்டியிருக்கிறாள். மாட்டியதோடு விடாமல், சட்டத்தைச் சுற்றி வயலெட் பட்டாம்பூச்சி ஸ்டிக்கர்களாக ஒட்டித் தள்ளியிருந்தாள்.

“நல்லாத்தானே இருக்குது? அழகா இருக்கட்டும்னுதான ஒட்டுனேன்!”

“எங்கம்மாவுக்கு வயலெட்டே புடிக்காது!”

“பின்ன என்ன புடிக்கும்?”

“பச்சை! கிளிப்பச்சை! எனக்கும் அதுதான் புடிக்கும்! இந்த ஸ்கிரீன் புடிக்கல, இந்தக் கெரகமெல்லாம் புடிக்கல, ஜன்னல் பூரா நீயே வெச்சுக்கிட்டே, அதுவும் புடிக்கல! அன்னிக்கு ரசத்துல உப்பே இல்ல!”

“அதை அப்பவே வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன? எனக்கென்ன ஜோசியமா தெரியும்?” என்று என் மகளும் விடவில்லை.

என் கணவர் விலக்கிவிடப் பாய்ந்தார். சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

“நகுந்தீங்கன்னா பாருங்க. நல்லாச் சண்டை போடட்டும்.”

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அந்த ரசத்தை மனதில் வைத்திருந்திருக்கிறான், கள்ளன்!

சபரீஷ் ஸ்டிக்கரை உரிக்கப் படத்தைப் பிடித்தான். “நான் ஒட்டினேன், நானே உரிக்கறேன்” என்று ரித்திகாவும் பிடித்தாள். காலண்டர் தாங்கிய ஆணி எத்தனை இழுப்பைத் தாங்கும்? காரையோடு பெயர்ந்து கீழே விழுந்தது. நல்லவேளை, படத்தை அவன் மார்போடு அணைத்துக்கொண்டான். சுவரில் ஓர் ஓட்டை.

எல்லோரும் ஓட்டையைப் பார்த்தோம். சபரீஷின் முகம் கண்ணெதிரே மாறியது. கோபம் வடிந்து, பழைய விருந்தாளி திரும்பி வந்துகொண்டிருந்தான்.

“தப்புதானுங்க. நான் உள்ளயே வெச்சுக்கறனுங்க” என்று பச்சைத் துணியைத் தேடினான்.

இப்போது அந்தப் படம் பைக்குள் போனால் அவ்வளவுதான், இவனும் கூடவே உள்ளே போய்விடுவான்.

“ஏனுங்க, உங்க டூல்ஸ் பெட்டிய எடுங்க. சுத்தியலு, ரெண்டு அங்குல ஆணி.”

“புவனா, பாலுசாமியண்ணன்…”

“அவருகிட்ட நான் பேசிக்கறேன். எடுங்கன்னா எடுங்க!”

முக்காலியைப் போட்டு ஏறினேன். “சொல்லு சபரீஷு, எங்க அடிக்கறது?”

அவன் படத்தை அணைத்துக்கொண்டே நின்றான். நான் இறங்கவில்லை. சுத்தியலை ஓங்கியபடியே நின்றேன். கை வலித்தது. கடைசியில் மெதுவாக வாயைத் திறந்தான்.

“என் கட்டிலுக்கு நேரா. படுத்தா தெரியோணும்.”

அடித்தேன். வாழ்க்கையில் அதற்கு முன் நான் ஆணி அடித்ததில்லை. இரண்டு அடி ஆணியிலும் மூன்றாவது என் கட்டைவிரலிலும் விழுந்தது.

“அங்க இல்லீங்க, இன்னும் மேல! அய்யோ, கோணையாப் போவுதுங்க. உங்களுக்குக் கண்ணு தெரியுதா இல்லையா?”

“டேய்!” என்று அதட்டினார் அவன் அப்பா.

“நீங்க சும்மா இருங்க. பையன் சொல்றது சரிதான், கோணைதான்” என்றேன். விரல் தெறித்தது, கண்ணில் தண்ணீர். பையனிடம் திட்டு வாங்குவது இத்தனை சுகமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. நிமிர்த்தி அடித்தேன். அதற்குள் ரித்திகா படத்தை வாங்கி மடியில் வைத்து, நல்ல பிள்ளையாகப் பட்டாம்பூச்சிகளை உரித்து எடுத்துக்கொண்டிருந்தாள். ஒன்றை மட்டும் விடட்டுமா என்று கேட்டாள். அவன் யோசித்துவிட்டு, “ஓரத்துல ஒண்ணு இருந்துட்டுப் போகட்டும்” என்றான். பிறகு படத்தை அவனே எட்டி மாட்டினான்.

கீழேயிருந்து குரல் வந்தது. “அம்மணீ! மேல என்னமோ டொக்கு டொக்குன்னு சத்தம் கேக்குதுங்களே?”

ஜன்னல் பக்கம் திரும்பினேன். “ஆணி அடிக்கறோமுங்கண்ணா!”

பாவம், மனுசன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருப்பார். பிறகு, அப்போதும் மரியாதையாக, “ஒண்ணே ஒண்ணுதானுங்களே?” என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் சபரீஷ் கட்டிலைத் தாண்டி ஜன்னலுக்கு ஓடினான். கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவே கேட்கிற மாதிரி கத்தினான்.

“ரெண்டு வேணுமுங்க! ஒண்ணு எங்கம்மாவுக்கு, ஒண்ணு என் தங்கச்சி கண்ணாடிக்கு!”

பாலுசாமி அண்ணன் படியேறுகிற செருப்புச் சத்தம் கேட்டது. அவர் மேலே வருவதற்குள் இன்னொன்றையும் அடித்துவிட வேண்டும் என்று முக்காலியை ரித்திகா பக்கம் இழுத்துப் போட்டேன்.