நான்காவது மேசையின் ஏரி

குடிநீர் அலுவலகத்தின் கண்காணிப்பாளர் ஒரு திங்கட்கிழமை முற்பகலில், புகார்ப் பிரிவின் மர மேசையில் கையை ஊன்றியபடி நின்றிருந்தபோது, அப்படியே பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போய்க் கணினியின் மூன்றாவது மேசைக்குள் சேர்ந்தார். அன்றைக்கு வெங்காய விலை நன்றாக இறங்கியிருந்தது. ஊரில் பலரும் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

புகார்ப் பிரிவில் இருந்தவள் ஒருத்திதான். காதுக்கும் தோளுக்கும் நடுவில் ஃபோனை இடுக்கிக்கொண்டு, ஒரு கையால் தட்டச்சு செய்து, மறு கையால் எதிரில் நிற்பவரை உட்காரச் சொல்லி, எந்தக் கையால் என்று யாருக்கும் பிடிபடாத விதத்தில் டீயும் குடித்துவிடுவாள் என்பதால் அவளுக்கு மூணுகை என்று பேர். நாற்பதைத் தாண்டியவள், கல்யாணம் ஆகவில்லை, அலுவலகம் இருந்த அதே பள்ளத் தெருவில் அண்ணன் வீட்டில் இருந்தாள். அவளுடைய கணினித் திரை சந்தைக்கடை மாதிரி இருக்கும். புகார்கள், குழாய் வரைபடம், தொட்டி திறக்கும் நேரம், தலைமை அலுவலகத்துக் கடிதங்கள், அண்ணி கேட்ட ரவிக்கை மாடல்கள் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்திருக்கும். இந்த நெரிசலில்தான், குழாயில் புழு வருகிறது என்று எழுதியிருந்த ஒரு மனிதருக்கு, மரக்கன்றுகளைப் பற்றித் தலைமை அலுவலகத்துக்குப் போக வேண்டிய பதில் போய்விட்டது. 'மிக்க மகிழ்ச்சி. அடுத்த ஆண்டு இன்னும் அதிகமாக வளர்க்கத் திட்டமிட்டுள்ளோம்.' அந்த மனிதர் நேரில் வந்து போட்ட சத்தத்தில் சுவரில் இருந்த கடிகாரம் ஓடுவதை நிறுத்திக்கொண்டது. கண்காணிப்பாளர் தொண்டையைச் செருமிவிட்டுக் கம்ப்யூட்டர்க்காரரை வரவழைத்தார்.

கம்ப்யூட்டர்க்காரர் ஊரில் உள்ள எல்லா அலுவலகங்களுக்கும் கணினி பழுது பார்ப்பவர். கொடிக்கம்பம் மாதிரி உயரம், அதற்கேற்ற ஒல்லி. மனிதர்களிடம் கூச்சப்படுவார், இயந்திரங்களிடம் வாங்க போங்க என்று பேசுவார். திரையைக் கொஞ்ச நேரம் பார்த்து உச்சுக் கொட்டினார்.

"எல்லாத்தையும் ஒரே மேசையில குவிச்சா இவங்க என்னங்க பண்ணுவாங்க, பாவம்? இதுக்குள்ள எத்தனை மேசை வேணும்னாலும் போட்டுக்கலாம்."

"இடம் வேண்டாமா?" என்றாள் மூணுகை.

"இடமே வேண்டாம். அதுதான் இதுல விசேஷம்."

கன்ட்ரோல் பொத்தானையும் ஜன்னல் படம் போட்ட பொத்தானையும் சேர்த்து அமுக்கிக்கொண்டு அம்புக்குறியைத் தட்டச் சொன்னார். திரை மொத்தமும் ஒரு பக்கமாக விலகிப் போய், துடைத்து வைத்தாற்போல் இன்னொரு திரை வந்து நின்றது. முதல் மேசை புகார்களுக்கு என்று ஆயிற்று, இரண்டாவது வரைபடத்துக்கும் தொட்டிகளுக்கும். மூன்றாவதில் பச்சைக் குன்றும் நீல வானமும் ஓரிரு மேகமும் உள்ள படத்தைப் போட்டுவிட்டு, இதில் எதை வைக்கப் போகிறீர்கள் என்று கேட்டார். "ஒண்ணும் வேண்டாம். இதாவது சும்மா இருக்கட்டுமே" என்றாள் அவள். இத்தனை வருஷத் தொழிலில் ஒரு மேசையைச் சும்மா விட்டுவைத்தவர் யாரையும் அவர் பார்த்ததில்லை. காதுவரை சிவந்துபோய், போகிற போக்கில் ஒரு எச்சரிக்கை மட்டும் சொன்னார்: "கரன்ட் போய் அணைஞ்சு திரும்ப வந்தா, மேசைங்க அப்படியே இருக்கும்ங்க. ஆனா மேலே திறந்து வச்சதெல்லாம் போயிடும்."

அதற்குப் பிறகு புகார்ப் பிரிவின் மௌஸ் வாரம் தவறாமல் பழுதாயிற்று. அவரும் வாரம் தவறாமல் வந்து, பழுது எதுவும் இல்லாத அந்த மௌஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சரிசெய்துவிட்டுப் போனார். விஷயம் அண்ணன் காதுக்குப் போக வெகுநாள் ஆகவில்லை. "வாடகை ரூம்ல ஸ்க்ரூ டிரைவரோட குடித்தனம் பண்றவன். வீடு வாசல் உண்டா அவனுக்கு? என் தங்கச்சியை எங்கே உட்கார வைப்பான்?" என்று சாப்பாட்டுத் தட்டின் முன்னால் கேட்டார். அண்ணி, நாற்காலியில்தான் என்று சொல்ல வாயெடுத்து, அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள். மூணுகை எழுந்து போய்க் கை கழுவினாள். மறுநாளிலிருந்து மூன்றாவது மேசையைத் திறந்து குன்றைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரம் அவளுக்குக் கொஞ்சம் கூடிப்போயிற்று.

கண்காணிப்பாளர் வழுக்கிய அன்றும் அவள் குன்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சத்தமில்லாமல் வந்து மர மேசையில் கையை ஊன்றி, "இதென்ன, ஆபீசா, புல்லுக்காடா?" என்றதும், பதறிப் போய் முதல் மேசைக்குத் தாவினாள். குன்று விலகியது, கண்காணிப்பாளரும் அதோடு விலகினார். திரும்ப மூன்றாவதைத் திறந்து பார்த்தால், சுண்டுவிரல் உயரத்தில், கையில் கோப்போடு, சரிவில் நின்றுகொண்டிருந்தார். முறை என்னவென்று பிறகு எல்லோருக்கும் விளங்கிவிட்டது. ஒரு மேசை விலகும்போது, அந்த நேரத்தில் மர மேசையைத் தொட்டுக்கொண்டிருப்பது எதுவானாலும் கூட்டிக்கொண்டு போகும். பொத்தானை அமுக்கினவர் மட்டும் இருந்த இடத்திலேயே இருப்பார். திரும்பக் கொண்டுவருவது இன்னும் சுலபம். எல்லா மேசைகளையும் சின்னச் சின்னப் படங்களாகக் காட்டும் பக்கத்துக்குப் போய், ஆளை மௌஸால் பிடித்து, முதல் மேசைமேல் இழுத்துப் போட்டால் போதும். மூணுகை அவரைச் சட்டைக் காலரில் பிடித்து இழுத்தாள். அந்தக் காலர் அதற்குப் பிறகு எந்த இஸ்திரிக்கும் படியவில்லை. வந்து விழுந்தவர் செருப்பில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டவில்லை, தொண்டையைச் செருமவில்லை. "காத்து நல்லா இருக்கு. நாளைக்கும் ஒரு அரைமணி அனுப்பி விடும்மா" என்றார்.

அவர் போனதைப் பார்த்துத் தட்டச்சர் போனார், பிறகு மீட்டர் படிப்பவர்கள் முறை வைத்துக்கொண்டு போனார்கள். கண்காணிப்பாளரின் மனைவி, மதியச் சாப்பாட்டை அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்துவிடலாமே என்று கூடையோடு வந்து, சரிவில் உருண்டு விளையாடிவிட்டுச் சாயங்காலம் தலையெல்லாம் புல்லாகத் திரும்பினார். அந்த அம்மாள் சிரித்து அன்றுதான் பலரும் பார்த்தார்கள். சண்டை போட வந்த புகார்தாரர்களையும் கொஞ்ச நேரம் அனுப்பி எடுத்ததில், புகார்கள் பாதியாகக் குறைந்ததாகத் தலைமை அலுவலகம் ஒரு பாராட்டுக் கடிதம் அனுப்பியது. கம்ப்யூட்டர்க்காரர் மட்டும் போகவே இல்லை. "நீங்க வராத இடத்துக்கு நான் தனியா போய் என்னங்க பண்றது?" என்று மௌஸைப் பார்த்துச் சொன்னார். அமுக்குகிறவர் போக முடியாது. அந்தப் பொத்தான்களை மூணுகை யார் கையிலும் கொடுத்ததில்லை. அவளுக்கு அன்று முழுவதும் எந்தத் தெருவில் தண்ணீர் வரவில்லை என்பதே காதில் விழவில்லை.

அடுத்த மழைக்காலம் தொடங்கும் முன்பே, மேட்டில் இருந்த பெரிய தொட்டியின் அடிக்குழாய் வெடித்தது. வால்வுச் சக்கரம் இறுகிப்போய்த் திரும்ப மறுத்தது. ஒரு ஊர் குடிக்க வேண்டிய தண்ணீர் அத்தனையும் பள்ளத் தெருவுக்குள் இறங்கி, காலைச் சாப்பாட்டு நேரத்துக்குள் கீழ்க்கோடியில் கழுத்தளவாகிவிட்டது. சனங்கள் மொட்டை மாடிகளில் நின்றார்கள். அண்ணன் குழந்தைகளை மாடிக்கு ஏற்றிவிட்டு அண்ணிக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தபோது படிக்கட்டு பெயர்ந்து போக, அண்ணி ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கினாள். தெரு முனையில் அலுவலக மாடியிலிருந்து இதைப் பார்த்த மூணுகை, பின்னால் யார் கத்துகிறார்கள் என்றுகூடத் திரும்பாமல் கீழே இறங்கினாள். புகார்ப் பிரிவில் முழங்கால் தண்ணீர். கரன்ட் நின்றிருந்தது. கம்ப்யூட்டர்க்காரர் எப்படியோ அவளுக்கு முன்னால் வந்து, நனையாமல் இருக்க பேட்டரிப் பெட்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, அதன் ஒயர் கணினியில் செருகியபடியே நின்றிருந்தார். கணினி ஓடிக்கொண்டிருந்தது.

"புதுசா ஒரு மேசை போடுங்க" என்றார். அவளும் அதற்குத்தான் வந்திருந்தாள்.

"அந்த ஒயரை விட்டுட்டுத் தள்ளி நில்லுங்க. நீங்களும் போயிடுவீங்க."

"விட்டா அணைஞ்சிடும்ங்க. தெருவைப் பாருங்க. அமுக்குங்க."

அவள் தெருவைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தாள். நான்காவது மேசையைத் திறந்தாள். கண்ணை மூடிக்கொண்டு அம்பைத் தட்டினாள்.

தெருவில் இருந்த வெள்ளம் மொத்தமும், விரிப்பைப் பிடித்து உருவினாற்போல, அலுவலக வாசல் வழியாக ஏறி, மர மேசையைச் சுற்றிக்கொண்டு, பக்கவாட்டில் போய் மறைந்தது. மிதந்ததெல்லாம் அதோடு போயிற்று: பிளாஸ்டிக் நாற்காலிகள், வாளிகள், யார் வீட்டுக் கட்டிலோ ஒன்று, அதன்மேல் உட்கார்ந்திருந்த நாய். ஊன்றி நின்றதெல்லாம் நின்றது. அண்ணி ஜன்னலிலிருந்து ஈரமே இல்லாத தரையில் தொப்பென்று விழுந்து, விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து சிரித்தாள். வெடித்த குழாயில் ஒரு சொட்டு மிச்சமில்லை. கம்ப்யூட்டர்க்காரர் நின்ற இடத்தில் இரண்டு காலடித் தடம் மட்டும் இருந்தது. பேட்டரிப் பெட்டியும் அவரோடு போய்விட்டதால் திரை இருட்டாயிற்று.

மேலே திறந்து வச்சதெல்லாம் போயிடும். அவர் சொன்னது அவளுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அலுவலகம் முழுக்க ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு ஆரவாரம். அவள் அந்தக் கறுப்புத் திரைக்கு முன்னால் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த இரண்டு கைகளும் சும்மா கிடந்ததை முதன்முதலாகப் பார்த்த கண்காணிப்பாளர், எல்லோரையும் அதட்டி வெளியே அனுப்பினார். அண்ணன் வெறுங்காலோடு வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுத் தங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "நல்ல மனுஷன்தான். நான்தான் வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன்" என்றார். அவள் ஃபோனை எடுத்தாள். மின்சார அலுவலகத்துக்கு மட்டும் அன்று எத்தனை தடவை ஃபோன் போனது என்பதற்குக் கணக்கில்லை.

சாயங்காலம் நெருங்கும்போது கரன்ட் வந்தது. வெளியே போனவர்களும் கண்காணிப்பாளருக்குப் பின்னால் மெல்ல உள்ளே வந்து நின்றார்கள். கணினி எழுந்து வர எடுத்துக்கொண்ட நேரத்தில் அண்ணன் நகம் கடித்தார். முதல் மேசை வெறிச்சென்று இருந்தது. திறந்து வைத்திருந்த புகார் ஒன்றுகூட இல்லை. இரண்டாவதில் வரைபடமும் இல்லை. மூன்றாவதில் குன்று மட்டும். அவள் விரல் நான்காவதுக்குப் போகாமல் நின்றது. அண்ணன்தான் அந்த விரலின் மேல் தன் விரலை வைத்து அமுக்கினார்.

திரை முழுக்கத் தண்ணீர். கரை தெரியாத, வெயில் பட்டு மினுங்குகிற ஏரி. வேறு எதுவும் இல்லை. மூணுகை திரையோடு மூக்கு இடிக்கக் குனிந்து, மூலை மூலையாகத் தேடினாள். வலது ஓரத்தில், அரிசிமணி அளவுக்கு ஒரு கட்டில் மிதந்துகொண்டிருந்தது. அதன்மேல் ஒரு நாய், பக்கத்தில் ஒரு குச்சி. குச்சி கையை ஆட்டியது. திறந்து வைத்ததெல்லாம் போய்விடும் என்பது உண்மைதான். ஆனால் கம்ப்யூட்டர்க்காரரை யாரும் திறந்து வைத்திருக்கவில்லை, அவராகத்தான் போயிருந்தார்.

அவள் மௌஸை எடுத்துக் காலரைப் பிடிக்கப் போனாள். குச்சி இரண்டு கையாலும் வேண்டாம் வேண்டாம் என்றது. பிறகு ஒரு கையால், வாங்க என்றது. மனிதர்களிடம் கூச்சப்படுகிறவர், ஊரே பார்க்கிற திரையில், எழுந்து நின்று, கட்டில் ஆடி நாய் குரைக்க, வாங்க வாங்க என்று கூப்பிட்டார்.

மூணுகை எழுந்தாள். பொத்தான்கள் இருக்கும் பலகையைக் கண்காணிப்பாளர் பக்கம் தள்ளினாள். "சார், இதைப் பிடிங்க. நான் மர மேசையைத் தொட்டதும் அம்பை அமுக்குங்க."

"திரும்ப எப்பம்மா எடுக்கறது?"

"கூப்பிடறேன் சார்."

ஒரு வாரம் அவள் கூப்பிடவில்லை. அண்ணன் இடையில் இரண்டு மூன்று முறை வந்து திரையைப் பார்த்துவிட்டு, தண்ணீரில் கட்டில் சுற்றுவதையும் இரண்டு பேர் மாற்றி மாற்றித் துடுப்பு போடுவதையும் கண்டு, தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டு போனார். கல்யாணம் மூன்றாவது மேசைச் சரிவில் நடந்தது. மர மேசையைச் சுற்றி இடம் போதாமல், விருந்தாளிகள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு வரிசையாகப் போனார்கள். வரிசையின் வால் தெருவில் நின்றது. தலைமை அலுவலகத்திலிருந்து தணிக்கைக்கு வந்தவர், ஊரின் குடிநீர் கணினிக்குள் இருப்பதைப் பார்த்துக் கொஞ்ச நேரம் யோசித்தார். ஏரியில் இறங்கிக் குளித்தார். குளோரின் அளவு சரியாக இருப்பதாகச் சான்றிதழ் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். கோடையில் ஒரு ரப்பர் குழாயின் முனையை மர மேசைமேல் வைத்து ஏரிக்குள் அனுப்பி, ஊருக்குத் தண்ணீர் எடுக்கிறார்கள். தட்டுப்பாடு என்ற பேச்சு இல்லை.

மூணுகையும் கம்ப்யூட்டர்க்காரரும் இப்போது, துடுப்பு போட்டுக் கண்டுபிடித்த ஏரிக்கரையில்தான் இருக்கிறார்கள். பலகையால் போட்ட வீடு, ஜன்னல் நிறைய. வேலை நேரத்துக்கு யாராவது காலரைப் பிடித்து எடுத்து விடுவார்கள். முடிந்ததும் அனுப்பி விடுவார்கள். சனிக்கிழமைகளில் அண்ணி போர்வைகளை மூட்டை கட்டிக்கொண்டு துவைக்கப் போகிறாள். புதன்கிழமைகளில் தபால்காரர் வந்து, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, மர மேசையில் ஒரு விரலை வைத்தபடி, அங்கே மழையா என்று கேட்பார். கண்காணிப்பாளர் திரையைக் குனிந்து பார்த்துவிட்டு, "லேசாத் தூறுது. குடையை எடுத்துக்கோங்க" என்று சொல்லி அம்பை அமுக்குவார்.