ஒரு குறையும் இல்லை, சம்பந்தி

"அழிடா! இப்பவே அழி! என் கண்ணு முன்னால அழி!"

"அழிச்சா, 'இந்தச் செய்தி அழிக்கப்பட்டது'ன்னு காட்டும்மா. என்னமோ பெருசா இருந்துச்சுன்னு நெனப்பாங்க. நாப்பது பேரு ஏற்கெனவே பாத்துட்டாங்க. மூணு பேருதான் பாக்கி. அதுல ஒருத்தருக்குப் போன் ரிப்பேர்."

"எண்ணிச் சொல்றான் பாரு, எண்ணி! உன் தங்கச்சி கல்யாணம்டா இது! கத்தாதடா, ஊருக்கே கேக்குது!"

"நான் கத்தல. நீங்கதான் கத்துறீங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆறாம் நம்பர் வீட்டிலிருந்து இப்படிச் சத்தம் வந்தால் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் யாருக்குத்தான் துணி காயப்போடும் வேலை வராது? சூரியனே எட்டிப்பார்க்காத அந்தப் பனியில் மூன்று பேர் ஈரத்துணியோடு கொடியடியில் நின்றார்கள். காளியம்மா முப்பது வருடம் கொழுந்து பறித்து ஓய்ந்தவள். இந்தச் சரிவிலிருந்து அந்தச் சரிவுக்குப் பேசிப் பழகிய தொண்டை, நாலு பலகைச் சுவருக்குள் அடங்காது. மகன் விமலனுக்கு முப்பத்திரண்டு வயது, இன்னும் கல்யாணமாகவில்லை. மகள் கங்காவுக்கு அடுத்த மாதம் கல்யாணம். அவள் அடுப்படி வாசலில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நடந்தது இதுதான். 'கங்கா – சாமிநாதன் திருமணம்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு குழு. இரண்டு பக்கத்துச் சொந்தக்காரர்கள், லயத்துக்காரர்கள், தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வீரப்பன் எல்லோரும் அதில் இருந்தார்கள். சனிக்கிழமை மத்தியானம் பெண்வீட்டார் மாப்பிள்ளை வீட்டில் விருந்து சாப்பிட்டுத் திரும்பியிருந்தார்கள். சாயங்காலம் மாப்பிள்ளையின் அம்மா சரோஜா குழுவில் குரல் பதிவு ஒன்று போட்டாள். கியா பார்ம் ஊரில் ஸ்ட்ராபெரி தோட்டமும் இரண்டு லோரியும் உள்ள குடும்பம். குரலிலேயே அது தெரியும். "கவனிப்புல ஏதாச்சும் குறை இருந்தா மனசுல வெச்சுக்காதீங்க சம்பந்தி."

காளியம்மா உருகிப்போனாள். "அய்யோ என்ன சம்பந்தி! உங்க பக்கமும் குறை இல்ல, எங்க பக்கமும் ஒரு குறையும் இல்ல."

நாலாவது நிமிடத்தில் விமலன் ஓர் அட்டையின் படத்தைப் போட்டான். அதன் கீழே: "ஒரு திருத்தம். எங்கள் பக்கம் ஒரு குறை உள்ளது. அது நான். ஆதாரம் மேலே. பாதுகாப்புக்காக அட்டை எண் மறைக்கப்பட்டுள்ளது."

அது மாற்றுத்திறனாளிகளுக்கு அரசாங்கம் கொடுக்கும் அட்டை. மலாயில் 'ஓராங் கூராங் உப்பாயா' என்று அச்சடித்திருந்தது. கூராங் என்றாலும் குறைவுதான். அட்டையில் கூராங் இருக்கும்போது அம்மா குறையே இல்லை என்கிறாள். தப்பைத் திருத்தாமல் விட்டால் விமலனுக்குச் சோறு இறங்காது. மலாயும் தமிழும் இப்படிக் கைகோத்து ஓர் ஆளைக் கவிழ்த்தது இந்த மலையில் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

அவன் எப்போதுமே அப்படித்தான். ஆட்களோடு நேரில் நாலு வார்த்தை பேசினால் வியர்த்துவிடும். போனில் என்றால் பக்கம் பக்கமாக எழுதுவான். போனில் வரும் சிரிப்பு முகம், அழுகை முகம் எதற்கு என்ன அர்த்தம் என்று ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தான். 'ஓகேலா' என்றால் சம்மதம்; 'லா' இல்லாத வெறும் 'ஓகே' என்றால் கோபம் என்பதும் அதில் உண்டு. அதைப் பார்த்து லயமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பிறகு அவனவன் தன் மனைவி அனுப்பிய 'ஓகே'யைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினான்.

சின்ன வயதிலிருந்து "அவன் ஒரு மாதிரி" என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். எந்த மாதிரி என்று அவன் கேட்டால் யாரும் சொன்னதில்லை. கடைசியில் ஓர் இணையக் குழுவில், கிள்ளானிலிருந்து 'மழைக்கோட்டு' என்ற பெயரில் எழுதும் யாரோ ஒருவர் சொன்னார். தனக்கு மிஷின் சத்தம் பல்லுக்குள் கேட்பது பற்றி, வழக்கமான பஸ் வராவிட்டால் அந்த நாளே உடைந்துபோவது பற்றி எழுதியிருந்தார். விமலன் அதைப் பதினேழு தடவை படித்தான். அப்புறம் இரண்டு வருடம், ஈப்போ ஆஸ்பத்திரிக்குப் பதினொரு நடை. டாக்டர் ஆட்டிசம் என்றார். வீட்டில் வந்து சொன்னான். "சரி சரி, மாத்திரைய நேரத்துக்குச் சாப்பிடு" என்றாள் காளியம்மா. மாத்திரையே இல்லை.

ஆனால் அட்டை வந்தது. அதைக் காட்டியதும் தோட்டத்து மேனேஜர் ஒரு கடிதம் கொடுத்தார்: தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மேல்மாடியில் மட்டும் வேலை, மாறாத ஷிப்ட், காதுக்கு மூடி. அரை மணிக்கு ஒரு தரம் வெப்பம் பார்த்து எழுதினால் போதும். எட்டு மாதமாக விமலன் வேலைவிட்டு வந்து வாந்தி எடுக்கவில்லை. அதையும் குழுவில் போடாமல் விட்டானே என்று சந்தோஷப்பட வேண்டியதுதான்.

ஞாயிறு மத்தியானமே சரோஜா தன் தம்பி தங்கராஜுவோடு வந்து இறங்கினாள். போட்டுக் கொடுத்த தேத்தண்ணியைத் தொடவில்லை.

"தம்பி, இது பரம்பரை வியாதியா?"

"வியாதி இல்ல அத்தை. ஆனா குடும்பத்துல தொடர வாய்ப்பு இருக்கு. கங்கா பிள்ளைக்கும் வரலாம், வராமயும் போகலாம். சதவீதம் ஆய்வுக்கு ஆய்வு மாறுது. லிங்க் அனுப்பட்டுமா?"

தங்கராஜு கூரைத் தகரத்தை ஆராய்ந்தான். காளியம்மா மகனை ஒரு பார்வை பார்த்தாள். பச்சைக் கொழுந்தாக இருந்தால் அங்கேயே கருகியிருக்கும்.

சரோஜா எழுந்தாள். "எனக்கு மனசுல ஒண்ணுமில்ல சம்பந்தி. ஊரு வாய மூடணுமேலா. சும்மா வெளையாட்டுக்குப் போட்டேன்னு ரெண்டு வரி போடச் சொல்லுங்க. செவ்வாய்க்கிழமை பத்திரிக்கை அடிக்கக் குடுக்கணும். அதுக்குள்ள போட்டா குடுப்போம். இல்லாட்டி..." மீதியைச் சொல்லாமல் செருப்பை மாட்டினாள்.

திங்கள் முழுக்கக் காளியம்மா அழுதாள், திட்டினாள், சாமி முன்னால் சத்தியம் கேட்டாள். விமலன் அசையவில்லை. சாயங்காலம் தானா ராத்தா ஊர்த் துணிக்கடை வேலையிலிருந்து திரும்பிய கங்கா அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இது மூணாவது சம்பந்தம்ணே. எனக்கு இருபத்தொன்பது ஆவுது. ரெண்டு வரிதானே."

"உண்மையில்லாத ரெண்டு வரி."

"ஆமா."

"அப்பறம் யாராச்சும், நீ எந்த மாதிரின்னு கேட்டா நான் என்னத்த காட்டுறது?"

"யாருண்ணே கேக்கப் போறா? இதுவரைக்கும் யாரு கேட்டா?"

விமலன் விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். கணக்கில் அவள் சொன்னது சரி. யாரும் கேட்டதில்லை. இருந்தாலும் முடியாது என்றான்.

செவ்வாய்க் காலை அவன் குளிக்கப் போனான். ஒவ்வொரு நாளும் சரியாகப் பன்னிரண்டு நிமிடம் குளிப்பான். போனின் ரகசிய எண் கங்காவுக்குத் தெரியும். ஆபத்துக்கு ஒருத்தருக்காவது தெரிந்திருக்க வேண்டும் என்று அவனே எழுதிக் கொடுத்திருந்தான். தலையைத் துவட்டிக்கொண்டு வந்து பார்த்தபோது குழுவில் அவன் பெயரில் கிடந்தது: "அட்டை மேட்டர் சும்மா ஜோக்குலா. போன்ல நானே செஞ்ச படம். எனக்கு ஒண்ணும் இல்ல. மன்னிச்சிடுங்க." கீழே வரிசையாகச் சிரிப்பு முகங்கள். "பாவி, பயமுறுத்திட்டியே!" என்று தங்கராஜு. "ஓகேலா" என்று சரோஜா.

"இது நான் எழுதல. நான் 'லா' போட்டு எழுதமாட்டேன்" என்றான் விமலன்.

கங்கா வேலைக்குப் போகும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். திருத்தம் போட்டால் கல்யாணம் நின்றுவிடும் என்பது அவனுக்கும் புரிந்தது. திருத்தம் போடாவிட்டால் அந்த வரி உண்மையாகிவிடும். ஒன்றும் இல்லாத ஆள் அட்டையை வைத்திருப்பது குற்றம்.

வேறு யாராக இருந்தாலும் அட்டையைப் பெட்டியில் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்திருப்பார்கள். விமலன் புதன்கிழமை லீவு எடுத்து, சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு, பஸ் ஏறி, அட்டை கொடுக்கும் அலுவலகத்துக்குப் போனான். ஒப்படைப்பதாக மலாயில் ஒரு கடிதமும் எழுதி எடுத்துப்போனான். முகப்பில் இருந்த பெண் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"குணமாயிடுச்சா, என்சிக்?" என்று மலாயில் ஐயா போட்டுக் கேட்டாள்.

"இல்ல. வீட்டுல கல்யாணம்."

அவள் இன்னொருத்தியைக் கூப்பிட்டாள். இரண்டு பேரும் வேண்டாம், யோசித்துவிட்டு வாருங்கள் என்று நல்லபடியாகத்தான் சொல்லிப் பார்த்தார்கள். அவன் நகரவில்லை. பின்னால் வரிசை நீண்டது. கடைசியில் அட்டையைக் கடிதத்தோடு சேர்த்துக் குத்தி வாங்கிக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை கிராணி வீரப்பன் கூப்பிட்டனுப்பினார். "குரூப்புல பாத்தேன். போன்ல செஞ்ச படத்தக் காட்டியா மேனேஜர ஏமாத்துன? அட்டையக் கொண்டா, பாப்போம்."

"அட்டை இல்லீங்க. குடுத்துட்டேன்."

"ஏன் குடுத்த?"

"எனக்கு ஒண்ணும் இல்லன்னு எழுதியிருக்கு."

"அது நீ எழுதினதுதானே?"

தங்கை எழுதினாள் என்று சொன்னால் அது சாயங்காலத்துக்குள் கியா பார்ம் போய்ச் சேரும். கிராணியின் மனைவி வாயைத் தோட்டமே அறியும். விமலன் பதிலே சொல்லவில்லை. பொய் சொல்லத் தெரியாதவனுக்கு அதற்குமேல் ஒன்றும் செய்யத் தெரியவில்லை. மேனேஜர் கடிதம் ரத்தானது. மறுநாளிலிருந்து கீழே, கொழுந்து உருட்டும் மிஷின்களுக்கு நடுவில், மாறி மாறி வரும் ஷிப்டில் வேலை. காதுமூடிக்குத் தனி அனுமதி வேண்டும் என்றார்கள்.

கல்யாணம் பிரிஞ்சாங் மண்டபத்தில் ஜாம்ஜாம் என்று நடந்தது. நாதஸ்வரம் ஆரம்பித்ததும் விமலன் எழுந்து கார் நிறுத்தும் இடத்துக்குப் போய், தாலி கட்டி முடியும்வரை இரண்டு வேன்களுக்கு நடுவில் குந்தியிருந்தான். பெண்ணின் அண்ணன் எங்கே என்று கேட்டவர்களுக்கு, "ஜோக்கடிச்சிட்டு எங்கயாச்சும் நிப்பான்" என்று சரோஜாவே சிரித்துச் சமாளித்தாள்.

மிஷின்களுக்கு நடுவில் ஐந்து வாரம் தாங்கினான். ஆறாவது வாரம் தரையில் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டு தலையைச் சுவரில் மோத ஆரம்பித்தான். நாலு பேர் பிடித்துத் தூக்கினார்கள். ஒருத்தன் அதைப் படம்பிடித்து லயத்துக் குழுவில் போட்டான். சிரிப்பு முகம் போட்டவர்கள் பதினாறு பேர். கொடியடியில் நின்ற மூன்று பேரும் அதில் உண்டு. விமலன் மறுநாள் வேலையை விட்டான். லயத்து வீடு தோட்டத்தில் வேலை செய்பவர் பெயரில்தான் இருக்கும். வேலை போனால் வீடும் போகும். காலி செய்ய இரண்டு மாதம் தவணை கொடுத்தார்கள்.

கங்கா கியா பார்மில் இருக்கிறாள். வயிற்றில் ஏழு மாதம். ஸ்கேன் எடுக்கப் போகும்போதெல்லாம் மாமியாரும் கூடவே உள்ளே போகிறாள்; டாக்டரிடம் எந்தக் குறையைப் பற்றிக் கேட்கிறாள் என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சம்பந்தி வீட்டில் தங்குவது மரியாதையில்லை என்று காளியம்மாவை அங்கே கூப்பிடவில்லை. அவள் ரிங்லெட்டில் தன் தங்கச்சி திலகா வீட்டுக்குப் போய்விட்டாள். ஆறாம் நம்பரில் இப்போது வங்காளதேசத்துக்காரர்கள் நாலு பேர். விமலன் கிள்ளானுக்குப் போனதாகச் சிலர் சொல்கிறார்கள், ஈப்போவில் பார்த்ததாகச் சிலர். நம்பரை மாற்றிவிட்டான். புது நம்பர் கங்காவுக்கும் தெரியாது.